ஒரு வாரத்தில் பளபளப்பா? கொஞ்சம் பொறுங்க

யூடியூப்பைத் திறந்தால் முகத்துக்கென்று தினமும் ஒரு புது டிரெண்டு வந்து நிற்கிறது. கொரியன் கிளாஸ் ஸ்கின், ஸ்லக்கிங், நியாசினமைட், ரெட்டினால், அரிசி கழுவிய தண்ணி... எல்லாத்தையும் வாங்கிப் போட்டா மாசச் சம்பளத்துல பாதி போயிடும். இதில் எதற்கு உண்மையான ஆதாரம் இருக்கிறது, எதை நம் அன்றாடப் பழக்கத்தில் சேர்க்கலாம் என்று படித்து எடுத்த குறிப்புகளின் சுருக்கம் இது. சேர்க்க வேண்டியவை மூன்றுதான். தொடவே கூடாத ஒன்றும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். அது கொஞ்சம் பயமுறுத்தும்.

முதலில் தோலின் கணக்கு

மேல்தோலின் அடியில் புதிய செல் பிறக்கிறது. அது மெல்ல மேலேறி, காய்ந்து, உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வயது கூடினால் இன்னும் கொஞ்சம் நீளும். நிறம் தருகிற மெலனினும் அடியில்தான் உருவாகி, சுற்றியுள்ள செல்களுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே தழும்போ கருமையோ நிஜமாகவே குறைய வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். "ஏழே நாள்ல வித்தியாசம் தெரியும்" என்று ஒரு கிரீம் சொன்னால், சொன்னபடி தெரியவும் செய்தால், அது வேறு ஏதோ வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கங்க.

ஒன்று: சன்ஸ்கிரீன், நம்ம தோலுக்கு ஏத்தது

தோல் பராமரிப்பில் இவ்வளவு நல்ல ஆதாரம் உள்ள பொருள் வேறு எதுவுமில்லை என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்று ஓர் ஊர். 1992ல் அங்கே 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்குத் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம்போல, அவரவர் இஷ்டம். நாலரை வருடம் இப்படிப் போனது. தினமும் போட்டவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அதில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலை அச்செடுத்து ஆராய்ந்த கட்டுரை 2013ல் வந்தது. தினமும் போட்டவர்களின் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. அவர்கள் போட்டது எஸ்.பி.எஃப். 50 கூட இல்லை, 15ஐ ஒட்டிய ஒன்றுதான்.

எஸ்.பி.எஃப். எண் என்ன சொல்கிறது? 30 என்றால், தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே போகும், அதாவது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 50 என்றால் 2 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் இந்த எண்ணை ஆய்வகத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் வீட்டில் பூசுவது பெரும்பாலும் அதில் பாதியோ கால்வாசியோதான். அதனால் எண்ணைப் பார்ப்பதைவிட அளவைப் பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும்.

"நமக்குத்தான் கறுப்புத் தோலாச்சே, சன்ஸ்கிரீன் எதுக்கு?" என்ற கேள்வி வரும். நம் மெலனின் நமக்கு ஓரளவு பாதுகாப்புத்தான், தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவு. ஆனால் மங்கு, பருத்தழும்பு, திட்டுத்திட்டான கருமை எல்லாம் நமக்குத்தான் அதிகம். இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. 2010ல் வந்த ஓர் ஆய்வில் வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் தோலில் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெள்ளைத் தோலில் ஒன்றும் ஆகவில்லை. கறுத்த தோலில் கருமை ஏறி இரண்டு வாரம் நீடித்தது. சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரிதாகத் தடுக்காது. அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருகிறதே, அதே பொருள்தான். நிறம் கலந்த, அதாவது டின்டட் சன்ஸ்கிரீனில் இது இருக்கும். மங்கு உள்ளவர்களிடம் 2014ல் மெக்சிகோவில் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இரும்பு ஆக்சைடு சேர்ந்ததே கூடுதல் பலன் தந்தது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு இது ஓர் அழகு வசதி, நமக்கு இதுதான் முக்கியமான மருந்து. வாங்கும்போது பொருட்பட்டியலில் இரும்பு ஆக்சைடு இருக்கான்னு பாருங்க.

இரண்டு: தோலின் சுவரைக் காப்பது

மேல்தோலைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவார்கள். செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் கலந்த பூச்சு சாந்து. சாந்து போனால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், வெளியிலிருந்து எரிச்சல் உள்ளே போகும். 'ஸ்கின் பேரியர்' என்று எல்லாரும் சொல்வது இந்தச் சுவரைத்தான். இந்த டிரெண்டு நல்லது. காரணம், இது கூடுதலாக எதையும் செய்யச் சொல்லவில்லை, சிலதை நிறுத்தச் சொல்கிறது. கடுமையான சோப்பு, சொரசொரப்பான ஸ்கிரப், எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா இதெல்லாம் நிறுத்த வேண்டியவை. தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது. எலுமிச்சை அதைவிடப் பல மடங்கு அமிலம், சமையல் சோடா அதற்கு நேரெதிர். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருமையும் வரும், அதற்கென்று மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது.

ஸ்லக்கிங் என்பது இரவில் முகம் முழுக்க வாசலின் பூசிக்கொள்வது. வாசலினுக்கு 1872லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள், இப்போதுதான் டிரெண்டு என்ற பெயர் கிடைத்திருக்கிறது. ஈரத்தைப் பூட்டி வைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வறண்ட குளிர்நாட்டுத் தோலுக்குப் பொருந்துவது சென்னைப் புழுக்கத்தில் எண்ணெய் வழியும் முகத்துக்கு வேண்டியதில்லை. வெடித்த உதடு, குதிகால், காய்ந்த கை இவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நியாசினமைடையும் இதே வரிசையில் சேர்க்கலாம். வைட்டமின் பி3யின் ஒரு வடிவம் இது. மெலனின் பக்கத்துச் செல்களுக்குப் போவதைக் கொஞ்சம் குறைக்கிறது, சுவரையும் வலுப்படுத்துகிறது. 2002ல் வந்த முக்கியமான ஆய்வில் பயன்படுத்தியது 5 சதவீதம். கடையில் 10, 20 என்று எண்ணைக் கூட்டி விற்கிறார்கள். எண் கூடினால் பலனும் கூடும் என்றில்லை, எரிச்சல் கூடலாம்.

மூன்று: ரெட்டினாய்டு, மெதுவாக

வைட்டமின் ஏ குடும்பம் இது. இதில் டிரெட்டினாயினுக்கு 1971ல் அமெரிக்காவில் பருவுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. பிறகு சுருக்கத்துக்கும் பயன்படும் என்று காட்டியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். ஒரு கசப்பான விஷயம்: அவருடைய பல சோதனைகள் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மேல் நடந்தவை. அதற்காக அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021ல் மன்னிப்புக் கேட்டது.

டிரெட்டினாயின் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து. கடையில் கிடைக்கும் ரெட்டினால் தோலுக்குள் இரண்டு படி மாறித்தான் அந்த வடிவத்தை அடையும், அதனால் வீரியம் குறைவு, எரிச்சலும் குறைவு. எதுவானாலும் இரவில், பட்டாணி அளவு, வாரம் இரண்டு நாள் என்று ஆரம்பியுங்கள். மேலே மாய்ஸ்சரைசர். முதல் சில வாரம் தோல் உரியும், காயும். பலன் தெரிய மூன்று மாதம். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது.

தொடக் கூடாதது

இப்போது அந்த ஏழு நாள் கிரீமுக்கு வருவோம். அதே கிளிக்மன் 1975ல் மங்குக்கு ஒரு கலவையைத் தந்தார்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலம் மட்டும் போட வேண்டிய மருந்து அது. அதன் தம்பி தங்கைகள் இந்தியாவில் மருந்துக்கடைகளில் சிவப்பழகு கிரீம் மாதிரி விற்பனையாயின. பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க, நல்லா இருந்துச்சு, நானும் வாங்கினேன் என்பதுதான் பெரும்பாலும் கதை.

ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும், மெலனின் உற்பத்தியையும் குறைக்கும். அதனால் ஒரே வாரத்தில் முகம் வெளுத்துப் பளபளக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரியும், பரு கிளம்பும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிந்து சிவக்கும், அதற்குப் பயந்து மறுபடி போடுவார்கள். இந்தியாவின் 12 மையங்களில் நடந்து 2011ல் வெளிவந்த ஆய்வில், முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். ஏழு பேரில் ஒருவர்! 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்கு மாற்றியது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

இன்னொரு பக்கம், உற்பத்தியாளர் பெயரே இல்லாமல் வரும் கிரீம்களில் பாதரசம். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் 2021 முதல் 2023 வரை சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோய் 22 பேருக்கு வந்தது. அதில் 15 பேருக்கு இருந்தது ஒரே அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். பூசியது முகத்தில், போய்ச் சேர்ந்தது சிறுநீரகத்தில்.

வீட்டில் இருக்கும் டியூபை இப்பவே திருப்பிப் பாருங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் இந்தப் பெயர்களில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. ரொம்ப நாளாகப் போடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள், அவர் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார். பொருட்பட்டியலே இல்லாத டப்பா என்றால் யோசிக்கவே வேண்டாம், குப்பையில் போடுங்கள்.

மொத்தத்தில்

காலையில் மென்மையாக முகம் கழுவி, தேவைப்பட்டால் மாய்ஸ்சரைசர், பிறகு போதுமான அளவு டின்டட் சன்ஸ்கிரீன். இரவில் கழுவி, விருப்பமிருந்தால் ரெட்டினாய்டு, மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேருங்கள், மூன்று மாதம் பாருங்கள். எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரியும். இதில் எதுவும் உங்களை வேறு நிறமாக மாற்றாது. உங்கள் நிறத்தை அப்படியே ஆரோக்கியமாக வைத்திருக்கும்.