கேள்வியோடு ஒரு சிறு அணியும் வரட்டும்

ஓர் அணியிலிருந்து (matrix) வேண்டிய எண்களை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? புரோகிராமிங் படிக்கத் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் உதவி இது. அதற்கான கட்டளை பெரும்பாலும் ஒரே வரிதான். எந்த எண்கள் வேண்டும் என்று பிழையறச் சொல்வதுதான் சிரமம். 'மதிப்பெண் பட்டியலில் 50-க்கு மேல் இருப்பதை எடுக்க வேண்டும்' என்கிறார் ஒருவர். 50-ஐத் தாண்டிய எண்கள் மட்டும் போதுமா, அவற்றைப் பெற்ற மாணவரின் நிரை (row) முழுவதும் வேண்டுமா? மேட்லாப் (MATLAB) மொழியிலும் பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்திலும் இந்த நிபந்தனையால் முழு அணியையும் வடிகட்டினால், எண்கள் ஒற்றை வரிசையாக வந்து விழும். எந்த மதிப்பெண் யாருடையது என்பது தெரியாமல் போய்விடும். ஆகவே உதவி கேட்பவர் ஒரு சிறு மாதிரி அணியையும், அதிலிருந்து வர வேண்டிய விடையையும் கையால் எழுதிச் சேர்த்தே கேட்க வேண்டும்.

இதற்கு வலுவான காரணம், மொழிக்கு மொழி மாறும் எண்ணும் முறை. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் 1970-களின் இறுதியில் மேட்லாபை உருவாக்கியதே, மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதாமல் அணிக் கணக்குகளைச் செய்யட்டும் என்றுதான். கணிதப் பாடநூலைப் போல அது 1-லிருந்து எண்ணும். ஃபோர்ட்ரானைப் போல நிரல் (column) நிரலாகச் சேமிக்கும். நம்பையோ சி மொழியைப் போல 0-விலிருந்து எண்ணும்; இயல்பாக நிரை நிரையாக அடுக்கும். '2 முதல் 4 வரை' என்றால் மேட்லாப் மூன்று நிரைகளைத் தரும். நம்பை இறுதி எண்ணை விட்டுவிட்டு இரண்டைத்தான் தரும். அணி போதிய அளவு பெரிதாக இருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான விடை சரியான விடையின் தோற்றத்திலேயே வந்து நிற்கும்.

மாதிரியை எப்படி அமைப்பது? மூன்று நிரை, நான்கு நிரல் போதும். முதல் நிரையில் 11, 12, 13, 14. அடுத்ததில் 21 முதல் 24. கடைசியில் 31 முதல் 34. ஒவ்வோர் எண்ணும் தன் நிரையையும் நிரலையும் தானே சொல்லிவிடும். இதில் '2, 3' என்று கேட்டால் மேட்லாப் 23 தரும். நம்பை 34 தரும். குழப்பம் எங்கே என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். நிரையும் நிரலும் சம எண்ணிக்கையில் இருந்தாலோ, ஒரே எண் பல இடங்களில் வந்தாலோ, நிரையையும் நிரலையும் மாற்றிப் போட்ட பிழை கண்ணில் படாமல் தப்பிவிடக்கூடும்.

'இவ்வளவு தெரிந்தவர் ஏன் உதவி கேட்கப் போகிறார்?' என்று ஒருவர் மறுக்கலாம். மாதிரி எழுத எந்தக் கலைச்சொல்லும் தெரிய வேண்டியதில்லை. சொல் கிடைக்காதவருக்குத்தான் அது அதிகம் கைகொடுக்கும். 'செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் நொடியில் கட்டளை கிடைக்குமே' என்பது இன்னொரு வாதம். கிடைக்கும்தான். ஆனால் கேட்பவர் மனத்தில் இருப்பது எண்களா, நிரைகளா என்பதை அதுவும் ஊகிக்கவே வேண்டும். ஊகம் சரியா என்று சோதிக்கக் கையில் ஒரு விடை இருந்தாக வேண்டும். மாதிரி எழுத நேரம் பிடிக்கும் என்பது உண்மை. தவறான எண்களை வைத்துக் கணக்கைத் தொடர்ந்து, பிறகு பிழையைத் தேடும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

புரோகிராமிங் சொல்லித் தரும் ஆசிரியர்கள் கட்டளைகளுக்கு முன்பே இந்தப் பழக்கத்தைக் கற்றுத் தரட்டும். மாணவர்களும் அடுத்த முறை உதவி கேட்குமுன் 12 எண்களை எழுதி, வேண்டியவற்றை வட்டமிட்டுப் பார்க்கட்டும். பல நேரம் கேள்வியைக் கேட்கவே தேவை இருக்காது.