தரையில் அமர்ந்த பாதிரியார்

தறி ஓசையும் கோயில் மணி ஓசையும் கலந்து கேட்கும் ஊர் காஞ்சிபுரம். 1940-ஆம் ஆண்டுகளில் அங்கே வாரம் ஒரு நாள் மாலையில் ஒரு புதுமையான காட்சியைக் காணலாம்.

ராமகிருஷ்ண மடம். சந்நியாசிகள் தரையில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுடன் ஒரு வெள்ளைக்காரர். அவருக்கென்று தனி நாற்காலி கிடையாது. அவரும் தரையில்தான் அமர்ந்திருப்பார். எல்லோரும் சேர்ந்து உபநிஷதம் படிப்பார்கள். கிறிஸ்தவர்களின் சுவிசேஷமும் படிப்பார்கள்.

அந்த வெள்ளைக்காரர் யார்? லெஸ்லி நியூபிகின் என்ற பாதிரியார்.

கால் முறிந்தது

இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1909-ல் பிறந்தவர் நியூபிகின். கேம்பிரிட்ஜில் படித்தவர். ஸ்காட்லாந்து திருச்சபை அவரை 1936-ல் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. மனைவி ஹெலனும் உடன் வந்தார்.

வந்த சிறிது காலத்திலேயே பஸ் விபத்து. கால் முறிந்தது. சிகிச்சைக்காக ஊர் திரும்ப நேர்ந்தது. பல முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. வேறொருவராக இருந்தால், "இந்தியாவே வேண்டாம்" என்று இருந்திருப்பார். நியூபிகின் 1939-ல் மீண்டும் வந்தார். காஞ்சிபுரத்தில் தங்கிப் பணியாற்றினார். தமிழும் கற்றார்.

அன்று நடந்தது வெள்ளையர் ஆட்சி. போதிக்க வந்த பாதிரியார் மாணவரைப் போலத் தரையில் அமர்ந்தது சிறிய செயல் அல்ல.

பணிவும் உறுதியும்

அதற்காக அவர் தம் கொள்கையை விட்டுவிட்டாரா? இல்லை. மடத்தின் கூடத்தில் பல மகான்களின் படங்கள் இருந்தன. இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்குப் பூஜையும் நடக்கும். இயேசுவைப் பல மகான்களுள் ஒருவராக வைப்பதை நியூபிகின் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் பிறர் நூலைப் படிக்க அவர் கூசவில்லை.

பணிவு வேறு, கொள்கையை விடுவது வேறு. இதை அவர் வாழ்ந்து காட்டினார்.

துண்டைக் கட்டிய தலைவர்

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் 13-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. விருந்தின்போது இயேசு எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அந்நாளில் அது வேலைக்காரன் செய்யும் வேலை. பேதுரு என்ற சீடர் பதறிப்போய்த் தடுக்கிறார். இயேசு விடவில்லை. கிறிஸ்தவர்களுக்குத் தலைமை என்பதன் பொருள் இதுதான்.

சொல்வது சுலபம். பதவி வரும்போது செய்வதுதான் கடினம்.

பேராயர் ஆனார்

1947 செப்டம்பர் 27. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் ஆகியிருந்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. தனித்தனியே இருந்த பல சபைகள் ஒன்றாயின. அதற்கான பேச்சு 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. 28 ஆண்டு இழுத்தது!

ஏன் இத்தனை தாமதம்? பிஷப் என்னும் பேராயரின் அதிகாரம் பெரிய சிக்கலாக இருந்தது. சில சபைகளில் பேராயர் உண்டு, சிலவற்றில் இல்லை. பேராயர் இருக்கலாம், ஆனால் சபையாரின் மன்றங்களோடு சேர்ந்தே நடக்க வேண்டும் என்று கடைசியில் முடிவாயிற்று.

காஞ்சி நெசவாளர் இதை எளிதில் புரிந்துகொள்வார். கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் இணைக்க, தறியில் இருப்பவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும்.

நியூபிகினின் பழைய சபையில் பேராயர் பதவியே கிடையாது. அவரே 37 வயதில் மதுரைப் பகுதியின் பேராயர் ஆனார். 1965 முதல் 1974 வரை சென்னையின் பேராயர்.

பெரியவரின் சின்னச் சபை

ஓய்வு பெற்றதும் அவர் எப்படி ஊர் திரும்பினார் தெரியுமா? கணவனும் மனைவியுமாக, இரண்டு பெட்டியும் ஒரு தோள்பையும் எடுத்துக்கொண்டு, தரை வழியாக, கிடைத்த பஸ்களில் ஏறியே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்!

அங்கும் சும்மா இருக்கவில்லை. பர்மிங்காம் நகரில், சிறைச்சாலைக்கு எதிரே ஒரு சின்ன ஆலயம். ஏழைகள் வாழும் பகுதி. ஆலயத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நியூபிகின் மூட விடவில்லை. 1980-ல், 70 வயதில், அந்தச் சபைக்குச் சாதாரணப் போதகர் ஆனார். ஒரு மாநகரத்தின் பேராயராக இருந்தவர், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்காக வீடு வீடாகப் போனார்.

1998-ல் அவர் காலமானார். காஞ்சியில் தரையில் அமர்ந்தவருக்குப் பதவி வந்தபோது தலை கனக்கவில்லை. பதவி போனபோது மனம் வாடவும் இல்லை.