மணல் வரைந்த ஓசை

ஓசை பிறக்கும் விதத்தைத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, நாவும் இதழும் போன்ற உறுப்புகளோடு பொருந்தி எழுத்தொலியாகிறது என்பது அதன் கருத்து. தமிழ் படிப்பிக்கும் எனக்கு ஓசை என்றதும் இந்தப் பாடம்தான் நினைவுக்கு வரும். அதே ஓசையைக் கண்ணால் காணும் வழியொன்றை ஜேர்மனியரான ஏர்ணஸ்ட் கிளாட்னி 1787இல் நூலாக வெளியிட்டார்.

அவர் செய்தது எளிய காரியம். உலோகத் தகடொன்றை ஓரிடத்தில் இறுகப் பிடித்து, மேலே கொஞ்சம் மணலைத் தூவி, விளிம்பை வயலின் வில்லால் இழுத்தார். தகடு ஒலித்தது, மணல் துள்ளி ஓடிக் கோடுகளாக ஒதுங்கியது. மீடிறன் மாற, கோலமும் மாறியது.

மணல் ஏன் அங்க போய் ஒதுங்குது? தகடு எல்லா இடத்திலும் ஒரேமாதிரி அதிர்வதில்லை. வலுவாக ஆடும் பகுதிகளுக்கு நடுவே அசையாத கோடுகள் இருக்கும். இவை கணுக்கோடுகள். ஆடும் இடம் மணலை உதறிவிட, அசையாத இடத்தில் அது தங்கிவிடும்.

1809இல் நெப்போலியன் முன்னிலையில் கிளாட்னி இதைச் செய்துகாட்டினார். கணித விளக்கம் தருபவருக்குப் பரிசு உண்டென்று பிரெஞ்சு அறிஞர் கழகம் அறிவித்தது. போட்டிக்கு எழுதியவர் சோஃபி ஜெர்மேன். பெண் என்பதால் உயர்கல்விக் கூடம் அவரை ஏற்கவில்லை. விரிவுரைக் குறிப்புகளைப் பெற்று, ஆண் பெயரொன்றில் எழுதிப் படித்தவர். 1811இல் அவரது கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. 1813இல் பாராட்டு மட்டும் கிடைத்தது. 1816இல் பரிசையே வென்றார். விளிம்பு பற்றிய நிபந்தனைகளை 1850இல் கேர்ச்சோஃப் சீர்செய்தார்.

ஆனால் அந்தச் சமன்பாடு தகட்டைப் பற்றியது. மேலே கிடக்கும் துகளைப் பற்றியதல்ல. மணலுக்குப் பதிலாக மிக நுண்ணிய பொடியைத் தூவினால், அது கணுக்கோட்டுக்குப் போகாது. அதிகம் ஆடும் இடத்திலேயே குவியும்! காரணத்தை 1831இல் மைக்கேல் பரடே கண்டார். அதிரும் தகட்டையொட்டிச் சிறு காற்றோட்டங்கள் உண்டாகி, அதிகம் ஆடும் இடத்தை நோக்கிப் பாய்கின்றன. பாரமான மணலை அவை அசைப்பதில்லை. பொடியை அள்ளிக்கொண்டு போகின்றன. காற்றை அகற்றிப் பார்த்தபோது பொடியும் மணலைப்போலவே நடந்தது.

துகள்களை மெல்லிய படலமாகப் பரப்பினால் கணக்கு இன்னும் மாறும். துகள்கள் ஒன்றோடொன்று மோதி, ஒவ்வொரு மோதலிலும் சிறிது சக்தியை இழக்கும். 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உம்பன்ஹோவர், மெலோ, சுவினி ஆகியோர் 0.15 முதல் 0.18 மில்லிமீற்றர் வரையான வெண்கல மணிகளின் படலத்தை, காற்றகற்றிய பாத்திரத்தில் வைத்து மேலுங்கீழும் அதிரச் செய்தனர். மீடிறனுக்கும் வீச்சத்துக்கும் ஏற்பப் பட்டைகள், சதுரங்கள், அறுகோணங்கள் எழுந்தன. தனியே நின்று குன்றாகவும் குழியாகவும் மாறிமாறி ஆடும் புள்ளிகளும் தோன்றின. அவற்றை 1996இல் அறிவித்தார்கள். தகட்டின் கணுக்கோடும் காற்றும் இதற்குக் காரணமல்ல. மணிகளின் மோதலே காரணம். மோதல் விதியையும் சக்தியிழப்பையும் கொடுத்துக் கணினியில் ஒவ்வொரு மணியையும் பின்தொடர்ந்தபோது, இதே கோலங்கள் வந்தன.

மணலுக்குத் தகட்டின் கணக்குப் போதும். பொடிக்குக் காற்றையும் சேர்க்க வேண்டும். படலத்துக்கு மோதலைச் சேர்க்க வேண்டும். எங்கட பிள்ளைகள் சமன்பாட்டைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதிவிடுகிறார்கள். அது எதைக் கணக்கில் எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்கவும் அவர்களைப் பழக்கினால், தட்டில் பொடி வேறு பக்கம் ஓடும்போது பயப்படமாட்டார்கள். ஏன் என்று தேடுவார்கள்.