கொல்லிமலைச் சோலையும் கோடி விழும் ஏரிகளும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் பேருந்து, மேல்மட்டத்தை எட்டியதும் வந்து சேரும் ஊர் சோளக்காடு. அறப்பளீசுவரரைத் தரிசிக்கச் செல்லும் குடும்பங்கள் இங்கே சற்று இளைப்பாறிச் சந்தையில் பலாவும் மலைவாழையும் மிளகும் வாங்குவது வழக்கம். ஏறி வந்த பாதையின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், மழை கழிந்த மாதங்களில், நாமக்கல் சமவெளியில் ஏரிகள் வெள்ளித் தகடுகளாக மின்னும். அந்த ஏரிகளில் தேங்கி நிற்பது பெரும்பாலும் இந்த மலையின் நீரே.

கொல்லிமலையில் பெய்யும் மழை பல வழிகளில் இறங்குகிறது. கிழக்கே ஐயாறு அறப்பளீசுவரர் ஆலயத்தை ஒட்டி ஓடி, ஆகாய கங்கையாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குச் செல்கிறது. ஐந்து ஓடைகள் கூடியதால் ஐயாறு என்பது ஊர் வழக்கு. மேற்கே இறங்கும் ஓடைகளுக்கு அருவியின் புகழ் இல்லை. அவை காரவள்ளிப் பக்கமாக வந்து பொம்மசமுத்திரம், பழையபாளையம், தூசூர் என ஏரி ஏரியாக நிரப்பிச் செல்கின்றன. ஓர் ஏரி நிரம்பி வழிவதை இப்பகுதியில் 'கோடி விழுதல்' என்பார்கள். மேல் ஏரி கோடி விழுந்தால்தான் கீழ் ஏரிக்கு நீர். ஆகவே மேலூரான் தன் ஏரியைப் பழுதின்றிக் காத்தால் அதன் பலன் கீழூரானுக்கும் சேரும். கரை உடைந்தால் நட்டமும் இருவருக்கும்தான்.

வறண்ட நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கப் பிறைவடிவில் ஒரு மண்கரை, வயலுக்குத் திறந்துவிட மதகு, மிகுந்ததை வெளியேற்றக் கலிங்கு, இவை மூன்றும் போதும். ஏரியில் நீர் நின்றால் சுற்றுவட்டக் கிணறுகளிலும் ஊற்று நிற்கும். தமிழகத்தில் இத்தகைய ஏரிகள் சுமார் 39,000 உள்ளன.

இவற்றைக் காத்ததில் ஆலயங்களின் பங்கு இன்றைய பக்தர்கள் பலரும் அறியாதது. விஜயநகர மன்னர் காலத்தில், 15, 16ஆம் நூற்றாண்டுகளில், திருவேங்கடமுடையானுக்குப் பக்தர்கள் அளித்த பொன் முழுவதும் பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. அதில் ஒரு பகுதி, கோயிலுக்குரிய கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டவும் செப்பனிடவும் செலவிடப்பட்டது. நீர் வந்ததும் விளைச்சல் பெருகியது; பெருகிய விளைச்சலிலிருந்து பெருமாளுக்கு நித்திய அமுதுபடி நடந்தது; அப்பிரசாதத்தில் கொடையாளருக்கும் ஒரு பங்கு சென்றது. முதல் அழியாமல் மண்ணிலேயே இருக்க, வட்டி மட்டும் ஆண்டுதோறும் சந்நிதிக்கு வந்துகொண்டிருந்தது. இதனினும் பாதுகாப்பான வைப்பு நிதியை இன்றைய நிதி நிறுவனங்கள்கூட எளிதில் காட்டிவிட முடியாது.

கணக்கிலும் முன்னோர் கண்டிப்பானவர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மீண்டும் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. அவ்வூரின் வைரமேக தடாகம் என்ற பேரேரியைப் பராமரிக்க அறக்கொடைகள் வைக்கப்பட்டன. ஏரிகளில் தூர் அள்ளும் ஓடங்களுக்கெனப் பொன் ஒதுக்கிய செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு. மழை பெய்யும் வரை காத்திராமல், ஆண்டுதோறும் தூர் அள்ளியே ஆகவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தூர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மீண்டும் மலைக்கே ஏறவேண்டும்.

கொல்லிமலை வாழ் மலையாளி மக்கள் நெடுங்காலமாகச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தவர்கள். ஊற்று நீர் கசியும் பள்ளங்களில் படிப்படியாக வயல் அமைத்து நெல் நட்டவர்கள். ஊர்தோறும் தெய்வத்துக்கென ஒரு சோலையை விட்டு வைத்தார்கள். கோயில் காடு எனப்படும் அந்தச் சோலைகளில் மரம் வெட்டுவது தெய்வக் குற்றம். செருப்பணிந்து நுழைவதும் ஆகாது. அச்சத்தால் காக்கப்பட்ட மரங்கள் என்று இதை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. ஆனால் சருகு மூடிய அந்த மண்தான் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசியவிடுகிறது. அச்சமோ பக்தியோ, ஓடை அதனால் வற்றாமல் இருக்கிறது.

அண்மைப் பத்தாண்டுகளில் சிறுதானியம் விளைந்த சரிவுகள் பலவற்றில் மரவள்ளி வந்துவிட்டது. ஜவ்வரிசி ஆலைகள் உடனடிப் பணம் தருகின்றன. மலைவாழ் விவசாயியைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்படுகிறது. அடுத்த கனமழை அந்த மண்ணை ஓடைக்குத் தள்ளுகிறது. ஓடை அதை ஏரியில் கொண்டு இறக்குகிறது. ஏரியில் ஓர் அடி வண்டல் ஏறினால் ஓர் அடி நீர் குறையும். ஊர்மக்களே கூடிச் செய்த குடிமராமத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. பின்னர் வழக்கொழிந்த அதைத் தமிழக அரசு 2017இல் பெயர் சொல்லிப் புதுப்பித்தது. நல்ல முயற்சியே. ஆனால் கீழே அள்ளுவதோடு நின்றால் மேலிருந்து மண் வந்துகொண்டே இருக்கும்.

அறப்பளீசுவரர் தலத்தில் ஐயாற்று மீன்களுக்குப் பொரி இட்டு வணங்குவது மரபு. அறுத்த மீனைப் பொருத்தி உயிர்ப்பித்தவர் இத்தல ஈசன் என்பது ஐதீகம். அதனால் அந்தத் துறையில் மீன் பிடிப்பதில்லை. மீன் வாழ நீர் தூயதாக இருக்கவேண்டும் என்பதும் அதில் அடக்கம். அதே ஆறு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி அடையும் ஆகாய கங்கையில், ஷாம்பு உறைகளையும் பிளாஸ்டிக் புட்டிகளையும் சுமக்கிறது. மேலே மீனுக்குப் பொரி இட்ட கைகளே கீழே உறையை வீசுவது வேதனை. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவும் நடப்பதால், அந்நாள்களில் கூட்டத்தோடு குப்பையும் பெருகுகிறது.

பருவமழை பொய்க்காத ஆண்டுகளில், ஏரி கோடி விழுந்த செய்தி கேட்டதும் பாசன ஊரார் கலிங்குக்குத் திரள்வார்கள். மஞ்சள் குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்து, பாய்ந்தோடும் நீரில் பூத்தூவுவார்கள். அந்தப் பூக்களைச் சுமந்த வெள்ளம் வாய்க்கால் வழியே அடுத்த ஏரியை நோக்கிச் செல்லும்.