மன்றத்து அறிவிப்பும் ஆலயத்துப் பலகையும்

வீட்டு வாசலில் ஓடும் சாக்கடை, தெருவிளக்கு, காலைச் சந்தை, இரவுச் சந்தை, சிறுவர் திடல், பல ஊர்களில் இடுகாடும் சுடலையும் என நம் அன்றாட வாழ்வோடு மிக நெருக்கமான தொடர்புடையது ஊராட்சி மன்றமே ஆகும். ஆயினும், நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதை அறிந்து வைத்திருக்கும் நம்மவருள் பலர், தம் ஊர் மன்றத்தில் சென்ற மாதம் என்ன முடிவு செய்யப்பட்டது என்பதை அறியாதிருக்கின்றனர். பேராக் மாநிலத்தின் வட பகுதியில் ஒரு சிறு நகரில் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், அவ்வூர் ஆலய நிர்வாகத்தில் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்து வருபவன் என்ற முறையில், மன்றச் செய்தி ஓர் ஆலயத்துக்கும் அதனைச் சுற்றி வாழும் மக்களுக்கும் ஏன் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றேன்.

'டவுன் போர்டு' முதல் இன்று வரை

எங்கள் ஊர் முதியவர்கள் இன்றும் மன்றத்தை 'டவுன் போர்டு' என்றே சொல்வார்கள். அது வெள்ளையர் காலத்துப் பெயர். பினாங்கில் 1801ஆம் ஆண்டிலேயே வரி மதிப்பீட்டுக் குழு ஒன்று அமைந்தது. மலாய் மாநிலங்களில் 'சானிட்டரி போர்டு' எனப்பட்ட சுகாதார வாரியங்கள் தோன்றின. கோலாலம்பூரில் அத்தகைய வாரியம் 1890இல் அமைந்தது. பெயருக்கேற்ப, குப்பை, சாக்கடை, சந்தை ஆகியவற்றைக் கவனிப்பதே அவற்றின் முதல் வேலையாக இருந்தது.

பின்னர் மக்களே தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் காலமும் வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன. மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955இல்தான் நடந்தது என்பதை நினைவிற் கொண்டால், நம் நாட்டில் வாக்குரிமை முதலில் வந்தது ஊராட்சி மன்றத்துக்குத்தான் என்பது விளங்கும். 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றபோது அதன் முதல் மேயராக விளங்கியவர் டி. எஸ். ராமநாதன் அவர்கள் என்பது நம்மவர் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது.

இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965ஆம் ஆண்டில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே, மன்றங்களின் செயல்பாட்டை ஆராய செனட்டர் ஆதி. நாகப்பன் அவர்கள் தலைமையில் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1968இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே தேவை எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், தேர்தலை அறவே நீக்கியது. தேர்தலை மீண்டும் கொண்டுவரப் பினாங்கு மாநிலம் 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாறு செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை எனக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

வாக்குச் சீட்டு இல்லை, வாசல்கள் உண்டு

ஆகவே இன்று மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. தலைவர் நீங்கலாக 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருப்பர். ஒரு தவணை 3 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்காது. மீண்டும் நியமனம் பெறலாம். அவர்களுள் பெரும்பாலோர் அம்மன்றப் பகுதியில் குடியிருப்பவராக இருத்தல் வேண்டும் என்றும், ஊராட்சி அனுபவமோ தொழிலில் சிறப்போ பெற்றவராக, அல்லது தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கத் தக்கவராக இருத்தல் வேண்டும் என்றும் சட்டம் கூறுகின்றது.

வாக்குச் சீட்டு இல்லாவிடினும் சட்டம் வேறு சில வாசல்களைத் திறந்தே வைத்திருக்கின்றது. மன்றத்தின் கூட்டங்கள், உறுப்பினர்கள் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்க்கும் திறந்தவை. கூட்டக் குறிப்புகளை வரி செலுத்துவோர் பார்வையிடலாம். வரி மதிப்பீட்டுக்கும் நில மேம்பாட்டுக்கும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் இவ்வாசல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதியை நமக்குச் சொல்வது அறிவிப்புத் தாள். அது மன்றத்துப் பலகையில் இருக்கும். நாளிதழின் மூலையில் இருக்கும். பெரும்பாலும் தேசிய மொழியில் இருக்கும். அதனைப் படித்துப் புரிந்துகொள்வதே நம் உரிமையின் முதற்படி என்பது என் கருத்து.

இந்த எண்ணத்தால்தான் எங்கள் ஆலயத்தில் பூசை நேரம் எழுதும் பலகையை அடுத்து மற்றொரு பலகை வைத்தோம். மாதம் ஒருமுறை நானோ இளைஞர் ஒருவரோ மன்ற அலுவலகத்துக்குச் சென்று புதிய அறிவிப்புகளைப் பார்த்து வருவோம். எந்தச் சாலை எத்தனை நாள் மூடப்படும், சந்தைக் கடைகளுக்கு விண்ணப்பம் எப்போது, டெங்கி ஒழிப்புக் கோத்தோங் ரோயோங் எந்தக் குடியிருப்பில், வரிக்குக் கடைசி நாள் எது என்பவற்றைத் தமிழில் பத்து வரிகளுக்கு மிகாமல் எழுதி ஒட்டுவோம். வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வருவோர் நின்று படித்துச் செல்வர். படிக்கத் தெரியாத பாட்டிமார்க்குப் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டுவர். இதற்கு ஆகும் செலவு தாளும் பசையும் மட்டுமே.

எந்த வரி யாருக்கு?

பலகையின் முன் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி வரியைப் பற்றியதே. இரு வரிகளைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். 'சுக்காய் தானா' எனப்படும் நிலவரி மாநில அரசுக்குரியது. நில அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை செலுத்துவது. 'சுக்காய் பிந்து' எனப்படும் மதிப்பீட்டு வரி மன்றத்துக்குரியது. ஆண்டில் இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்த வேண்டியது.

மதிப்பீட்டு வரி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது? ஜொகூரில் சொத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடுவர். மற்றபடி பெரும்பாலும் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுவர். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 500 ரிங்கிட் எனில் ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட். மன்றம் விதித்த விகிதம் 8 விழுக்காடு எனில் ஆண்டு வரி 480 ரிங்கிட். அரையாண்டுக்கு 240 ரிங்கிட். ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் வரி விதிக்கக் கூடாது என்பது சட்டம் வகுத்துள்ள உச்ச வரம்பு. மறுமதிப்பீடு நடக்கும்போது வீட்டுக்கு அறிவிப்பு வரும். மதிப்பு மிகுதி என்று கருதினால், மறுஆய்வுக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு 14 நாட்களுக்கு முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த ஆண்டு முறையிடுவதால் பயனில்லை.

அறக்கட்டளை நடத்துவோர் அறிய வேண்டியவை மேலும் இரண்டு உண்டு. முதலாவது, வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் இடம், இடுகாடு, இலாப நோக்கமற்ற பொது அறப்பணிக்குரிய இடம் ஆகியவற்றுக்கு மாநில அரசு தன் விருப்புரிமைப்படி வரி விலக்கு அளிக்கலாம். 'மட்டுமே' என்னும் சொல் இங்கு முக்கியம். ஆலயத்துக்குச் சொந்தமான கடைவீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அவ்வருமானம் அன்னதானத்துக்கே செலவானாலும், அக்கடை வழிபாட்டு இடம் ஆகாது. ஆகவே எந்தக் கட்டடம் எதற்குப் பயன்படுகின்றது என்பதைத் தனித்தனியே எழுதி விண்ணப்பிப்பது நலம். இரண்டாவது, அன்பர் ஒருவர் தம் வீட்டை ஆலயத்துக்கு எழுதி வைத்தால், பெயர் மாற்றத்தை 3 மாதங்களுக்குள் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் வரிச் சீட்டு மறைந்தவர் பெயருக்கே போய்க்கொண்டிருக்கும், நிலுவை சேரும், இறுதியில் பொருள் பறிமுதல் ஆணை வரை செல்லக்கூடும்.

21 நாட்கள்

நம் ஆலயங்களுக்கு மிகவும் முக்கியமானது நில மேம்பாட்டு அறிவிப்பு. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், இதனை வகுக்கின்றது. 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வராத பகுதியில் ஒருவர் கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டால், அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். அடுத்துள்ள நிலம் மட்டுமன்றி, 20 மீட்டருக்கு மேற்படாத அகலமுள்ள சாலையோ சாக்கடையோ இடையிட்ட நிலமும் அண்டை நிலமே. கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தம் கருத்தை நேரில் கேட்குமாறும் கோரலாம்.

இங்குதான் நமக்கு ஓர் இடர். கடிதம் போவது நிலத்தின் உரிமையாளருக்கு. தோட்டக் காலத்தில் எழுந்த நம் ஆலயங்களுள் எத்தனைக்குத் தம் பெயரில் நிலப்பட்டா இருக்கின்றது? தோட்ட நிருவாகம் வாய்மொழியாகத் தந்த இடத்தில் பாட்டனார் காலத்தில் கட்டப்பட்ட ஆலயத்துக்கு, சட்டத்தின் கண்ணில் அண்டை வீட்டாருக்குள்ள உரிமைகூட இல்லாமற் போகின்றது. எங்கள் ஆலயமும் அத்தகையதே.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், ஆலயத்தை ஒட்டி வீடு வைத்திருக்கும் அன்பர் ஒருவர், "சார், இது என்ன கடுதாசி, பலகையில் போட வேண்டியதா என்று பாருங்கள்" என்று ஓர் உறையைக் கொண்டு வந்து தந்தார். ஆலயத்தின் பின்புறம் கடைவரிசை ஒன்று எழுப்பும் விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு அது. வரைபடத்தில், எங்கள் தேர் வெளியேறும் பின்சந்து அடைபட்டிருந்தது. உறையில் இருந்த தேதிப்படி எஞ்சியிருந்தவை 9 நாட்கள். ஆலயத்துக்குக் கடிதம் வரவில்லை, வரவும் வழியில்லை. ஆகவே அவ்வன்பரும் சந்தின் மறுபுறத்தில் நிலம் வைத்திருந்த சீனக் கடைக்காரர் ஒருவரும் உரிமையாளர் என்ற முறையில் ஆட்சேபம் எழுதினர். கடைக்காரருக்குத் தேரைப் பற்றிய கவலை இல்லை. தம் லாரி திரும்ப வழி வேண்டுமே என்பது அவர் கவலை. இரண்டும் ஒரே சந்துதானே! விசாரணையில் இருவரும் பேசினர். கடைவரிசைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் சந்து திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். இன்றும் தேர் அவ்வழியே செல்கின்றது.

இதனைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் பல மாவட்டங்களில் இப்போது உள்ளூர்த் திட்டம் நடப்பில் உள்ளது. அங்கெல்லாம் அண்டை நிலத்தாருக்குக் கடிதம் அனுப்புவதை இந்தச் சட்டப் பிரிவு கட்டாயமாக்கவில்லை. எனவே நாம் பேச வேண்டிய காலம், உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலமே. அப்போது ஆட்சேபம் தெரிவிக்க 4 வாரங்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. இதில் நிலப்பட்டா உள்ளவர் என்ற வரம்பும் இல்லை. வரைபடத்தில் நம் ஆலயம் ஆலயமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றதா, வெற்று நிலமாகவோ வருங்காலச் சாலையாகவோ காட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திட்டம் அரசிதழில் வெளியானபின் ஓடுவதைக் காட்டிலும் இது எளிது.

ஊர் விழாக்கள்

மன்றத்தோடு உறவு என்பது ஆட்சேபம் மட்டுமன்று. பெருநாட்களில் பொது இடத்தில் தற்காலிகப் பந்தல் அமைக்க இசைவு தரும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. நாங்கள் பங்குனித் திருவிழாவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே தேர் செல்லும் வழி, தண்ணீர்ப் பந்தல் அமையும் இடங்கள், முடியும் நேரம் ஆகியவற்றை வரைந்து மன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். கூடுதல் குப்பைத் தொட்டிகளும் கேட்போம். திருவிழாவின் மறுநாள் காலை எங்கள் இளைஞர்களே வீதியைக் கூட்டிவிடுவார்கள். அதைப் பார்த்த மன்றத் துப்புரவுப் பணியாளர்கள் அடுத்த ஆண்டு தாமாகவே முந்திய நாள் வந்து சாக்கடையைச் சுத்தம் செய்தனர்.

அண்டை மாவட்டமான கெரியான், 2000ஆம் ஆண்டில் 'உள்ளூர் அஜெண்டா 21' என்னும் திட்டத்துக்கு நாட்டிலேயே முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு ஊராட்சிப் பகுதிகளுள் ஒன்றாகும். மக்களும் மன்றமும் ஒன்றாக அமர்ந்து ஊரின் வருங்காலத்தைத் திட்டமிடுவதே அதன் நோக்கம். பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி ஆகிய பெரிய நகரங்களோடு வயல்சூழ்ந்த ஒரு மாவட்டமும் அதில் இடம்பெற்றது, சிற்றூராரும் இதனைச் செய்ய இயலும் என்பதற்குச் சான்று.

ஒரு வேண்டுகோள்

ஒவ்வோர் ஆலய நிர்வாகமும் உறுப்பினர் ஒருவரை மன்றத் தொடர்பாளராக நியமிக்க வேண்டுகின்றேன். தேசிய மொழியில் நன்கு எழுதும் இளைஞராக இருந்தால் சிறப்பு. அவர் மாதம் ஒருமுறை மன்றத்துக்குச் சென்று வரட்டும். தம் வட்டாரத்து மன்ற உறுப்பினரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பலகையில் எழுதி வைக்கட்டும். ஆலயச் சொத்துகளின் வரிச் சீட்டுகள், நிலப்பட்டா, பழைய கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்க்கட்டும். உள்ளூர்த் திட்டத்தின் வரைபடப் பிரதி ஒன்றையும் வாங்கி வைப்பது நன்று. ஊர் கூடித் தேர் இழுப்பது நம் வழக்கம். தேர் செல்லும் வழியைக் காப்பதற்கும் அவ்வாறே ஊர் கூட வேண்டும். நாளையே உங்கள் ஆலய வாசலில் அதற்கென ஒரு பலகையை மாட்டுங்கள்.