கருவாட்டு மூட்டையும் உலகச் சந்தையும்

மளிகைக் கடையில் கருவாட்டுக்கு என்றுமே தனி மூலைதான். பருப்புக்கும் மாவுக்கும் அருகில் வைத்தால் வாடை ஏறிவிடும் என்று வாசலோரம் ஒதுக்கி வைப்போம். சைவ வாடிக்கையாளர் மிகுந்த தெரு என்றால் சரக்கே எடுப்பதில்லை. ஆனால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இதன் அருமை தெரியும். கறி எடுக்கக் கையில் காசில்லாத நாளில் காற்படி மொச்சையும் ஒரு பிடி நெத்திலிக் கருவாடும் வாங்கிச் சென்று குழம்பு வைக்கிற குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த ஒரு பிடி நெத்திலியின் விலையைக் கடல் கடந்த நாடுகளின் நடப்பும் பாதிக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் நம் நாட்டுக் கடல் உணவு ஏற்றுமதி என்றாலே அது கருவாடும் உலர்ந்த இறாலும்தான். இலங்கை, பர்மா, சிங்கப்பூர் ஆகியவையே முக்கியச் சந்தைகள். 1960 வரை ஏறக்குறைய இதே நிலை. பிறகு குளிர்பதன வசதி பெருகியது. 1966-இல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டதும் உறைந்த சரக்குக்கு வெளிநாட்டில் கிராக்கி கூடியது. 1972-இல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. அதன் பிறகு ஏற்றுமதியில் இறாலே ராஜா.

கணக்கைப் பாருங்கள். 2024-25-இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு சுமார் 16.98 லட்சம் டன், மதிப்பு ரூ.62,408 கோடி. இதில் உறைந்த இறால் மட்டும் ரூ.43,334 கோடி. அதாவது ரூபாய்க்கு எழுபது பைசா இறாலிலிருந்து வருகிறது. அந்த இறாலில் பெரும்பகுதியை வாங்கும் நாடு அமெரிக்கா. ஒரே சரக்கு, ஒரே பெரிய வாடிக்கையாளர்! நம் கடைவீதியில் எவராவது இப்படி வியாபாரம் செய்தால் பக்கத்துக் கடைக்காரரே எச்சரித்திருப்பார். 2025 ஆகஸ்டு 7-இல் இந்தியச் சரக்குகளுக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி போட்ட அமெரிக்கா, ஆகஸ்டு 27-இல் அதை 50 விழுக்காடாக்கியது. இறாலுக்கு முன்பே இருந்த பொருள் குவிப்புத் தடுப்பு வரி இதற்கு மேல் வேறு. 2026 பிப்ரவரியில் அந்தச் சுமை குறைந்தது என்றாலும், இடைப்பட்ட மாதங்களில் ஆந்திரக் கரையோர இறால் பண்ணைகள் பட்ட பாடு நாளேடுகளில் வந்ததுதான்.

இறாலுக்கும் நெத்திலிக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் இறாலின் தீவனத்தில் இருக்கிறது.

குளத்தில் வளரும் இறாலுக்குப் புரதம் வேண்டும். அதற்கு மீன் தூள் சேர்த்த தீவனம் இடுகிறார்கள். சிறு மீன்களை வேகவைத்துப் பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் மீன் தூள். பிழிந்ததில் கிடைப்பது மீன் எண்ணெய். ஒரு கிலோ தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் தேவை. உலகிலேயே அதிகமாக மீன் தூள் செய்யும் நாடு தென் அமெரிக்காவின் பெரு. அங்கே கிடைக்கும் மீன் நம் நெத்திலியின் உறவுக்காரன்தான். கடல் நீர் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் அந்த மீன் ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விடும். 2023-இல் குஞ்சு மீனே மிகுதியாகப் பட்டதால், அந்நாட்டு அரசு ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தது. உலகச் சந்தையில் மீன் தூள் விலை ஏறியது.

அப்படி விலை ஏறும்போது தூள் ஆலைகள் எங்கே சிறு மீன் கிடைக்கும் என்று தேடும். நம் நாட்டுக் கரைகளிலும் அத்தகைய ஆலைகள் உண்டு. கரையில் வந்திறங்கும் சாளை, சூடை போன்ற சிறு மீனுக்கு இப்போது மூன்று பேர் கை நீட்டுகிறார்கள்: பச்சையாக விற்பவர், கருவாடு போடுபவர், தூள் ஆலைக்காரர். ஆலைக்காரருக்குத் தரம் பார்க்க வேண்டியதில்லை. பொடிந்தாலும் நசுங்கினாலும் லாரி நிறைய எடுத்துக்கொள்வார். கருவாடு போடும் பெண்கள் கூடைக் கணக்கில் ஏலம் எடுப்பவர்கள். இந்தப் போட்டியில் யார் பின்வாங்குவார்கள் என்று வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு கிலோ மீன் காய்ந்துதான் ஒரு கிலோ கருவாடு ஆகும் என்பதால், பச்சை மீனில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் கருவாட்டில் அது பதினைந்து, இருபது ரூபாயாக வந்து நிற்கும்.

இந்த நிலை மாறும் என்று நமக்குத் தோன்றவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனக் கணக்குப்படி, 2022-இல் உலகில் வளர்ப்பு மூலம் கிடைத்த மீன், இறால் வகைகள் 9.44 கோடி டன். கடலிலும் ஆற்றிலும் பிடித்ததை வளர்ப்பு மிஞ்சியது அதுவே முதல் முறை. சோயாப் பிண்ணாக்கு முதலியவற்றைக் கலந்து தூளின் அளவைக் குறைத்து வருகிறார்கள் என்பது ஓரளவு ஆறுதல்.

இனி நம் பக்கத்துக் கொள்முதல். மதுரைக்குக் கருவாடு வருவது பெரும்பாலும் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. 2001-இல் தொடங்கியபோது இது 45 நாளாக இருந்தது. வெயில் நன்றாகக் காயும் மாதங்களில் மீன் வரத்துக் குறைவு. மீன் வரும் ஐப்பசி, கார்த்திகையில் காய வைக்க வெயில் இல்லை. ஆகவே மாசி, பங்குனியில் வரும் சரக்கே நன்றாகக் காய்ந்த சரக்கு. தடைக்கு முன் இரண்டு மாத விற்பனைக்கு ஆகும் அளவு எடுத்து வைப்பது நல்லது. ராமேசுவரம் பகுதியில் படகுகள் பிடிபட்டு வேலைநிறுத்தம் வந்தால் தடையில்லாத மாதத்திலும் வரத்து நின்றுபோகும். இதற்கு முன்கூட்டிக் கணக்குப் போட வழியில்லை.

எடுத்து வைப்பதிலும் சூட்சுமம் உண்டு. உப்பு மிகுந்த கருவாடு மழைக்காலக் காற்றில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; சித்திரை வெயிலில் அதே மூட்டை எடை குறையும். எடைக் கழிவு நம் தலையில்தான். வாளை, சீலா போன்ற பெரிய கருவாட்டை வளைத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மேலே இளஞ்சிவப்பாகப் பிசுபிசுப்புப் படர்ந்திருந்தால் அது உப்பில் வாழும் நுண்கிருமியின் வேலை. விலை குறைத்துக் கொடுத்தாலும் அந்த மூட்டையைத் தொட வேண்டாம். நெத்திலி வெள்ளி மினுக்கோடு, மணல் உதிராமல் இருக்க வேண்டும். மணலும் எடையில் சேர்கிறது! வண்டு விழுந்தது என்று பூச்சிமருந்து தூவுவது கண்டிப்பாகக் கூடாது. மீண்டும் வெயிலில் உலர்த்திச் சலித்து எடுப்பதே முறை.

கடைசியாக வரி. உதிரியாக எடை போட்டு விற்கும் கருவாட்டுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. ஆனால் முன்கூட்டியே எடையிட்டு, பையிலடைத்து, முகப்புச்சீட்டு ஒட்டி விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு வரி உண்டு. நகரத்தில் வாடைக்கு அஞ்சும் வாடிக்கையாளர் பையிலடைத்ததையே விரும்புகிறார். நூறு கிராம் பை நன்றாகப் போகிறது. கிராமத்தில் கையால் அள்ளிப் பார்த்து, முகர்ந்து, உதிரியாகவே கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே கடையில் விற்பவர்கள் பில் புத்தகத்தில் தனித்தனியே எழுதி வரவேண்டும். பையில் எடை, விலை, அடைத்த நாள், அடைத்தவர் முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு வரும் அதிகாரி, பை அடைத்தவரைத் தேடிப் போகுமுன் கடையில் இருப்பவரைத்தான் முதலில் கேட்பார்.