தப்பிப் பிழைத்த மணிமேகலை

நோட்டில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்? ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவீர்கள். பனை ஓலையில் எழுதியவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆணியால் கீறியது கீறியதுதான்!

அமுதசுரபியால் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட மணிமேகலையின் கதை உங்களுக்குத் தெரியும். சீத்தலைச் சாத்தனார் பாடிய பௌத்த சமயக் காப்பியம் அது. அச்சாகும் வரை பல நூறு ஆண்டுகள் ஓலையில்தான் உயிர் வாழ்ந்தது.

ஓலையை எப்படிப் பதப்படுத்துவார்கள் தெரியுமா? ஈர்க்கை நீக்கி, உலர்த்தி, தண்ணீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்ப்பார்கள். பிறகு ஒரே அளவாக நறுக்குவார்கள். நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி வைத்து வெட்டுவாரே, அவருக்கு இருக்கும் கவனம் இதற்கும் வேண்டும். ஏடுகளில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி தயார்.

எழுதுகிறவருக்கு மேஜை கிடையாது. இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. கீறிய எழுத்து சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. கரியும் இலைச்சாறும் கலந்து பூசித் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு தங்கும்.

ஏட்டில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பார்கள். போதாக்குறைக்கு, துணைக்காலும் 'ர' எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படியானால் அங்கே எழுதியிருப்பது 'பால்' என்பதா, 'பரல்' என்பதா? முன்னும் பின்னும் படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் என் வகுப்பில் கடைசி பெஞ்சும் எழுந்து நின்று பார்க்கும்!

பௌத்தர்களுக்கு ஏட்டின்மேல் தனி மதிப்பு உண்டு. புத்தர் தம் கையால் எதையும் எழுதி வைக்கவில்லை. அவருடைய போதனைகளைத் துறவிகள் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகவே காத்து வந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் பஞ்சமும் போரும் வந்தன. மனப்பாடம் செய்த துறவிகள் மாண்டுபோனால் போதனையும் மாண்டுபோகுமே! அதனால் மாத்தளைக்கு அருகில் உள்ள அலுவிகாரையில் கூடி, திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்று இலங்கை வரலாறு சொல்கிறது. திரிபிடகம் என்றால் 'மூன்று கூடைகள்' என்று பொருள். 1848 ஆம் ஆண்டுக் கலகத்தின்போது ஆங்கிலேயப் படையால் அங்கிருந்த சுவடிகள் அழிந்தன. துறவிகள் சலிக்கவில்லை. மறுபடி எழுதத் தொடங்கினார்கள்.

ஓலைக்கும் ஆயுள் உண்டு. செல்லும் இராமபாணப் பூச்சியும் சும்மா விடுமா? பழைய ஏடு நைந்துபோகும் முன் ஒருவர் உட்கார்ந்து புதிய ஏட்டில் படியெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பௌத்தம் மங்கிய பிறகும், வேறு சமயத்தைச் சேர்ந்தவர்கள் மணிமேகலையைப் படியெடுத்துக் காத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். இன்னொரு பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்குக் கிடைத்தவை 19 பாடல்களே. வேறு நூல்களில் யாரோ எடுத்து எழுதி வைத்ததால் அவையாவது மிஞ்சின.

மணிமேகலை ஏடுகள் உ.வே.சாமிநாதையர் கைக்கு வந்தபோது வேறொரு சிக்கல். எழுத்து படிக்க வந்தது, பொருள் விளங்கவில்லை. பௌத்தக் கொள்கைகளைச் சொல்லித்தர ஆள் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார், ஆங்கில நூல்களைப் படித்து அவருக்கு விளக்கிச் சொன்னார். சைவரான ஐயர் சளைக்காமல் கேட்டுக் கற்றார். 1898 இல் அவருடைய மணிமேகலைப் பதிப்பு அச்சேறியது.

அடுத்த விடுமுறைக்குக் காங்கயம், தாராபுரம் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போனால் பரணைக் கொஞ்சம் பாருங்கள். துணியில் சுற்றிய ஓலைக்கட்டு இருந்தால் அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பெரியவர்களிடம் சொல்லி, சுவடி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது வைத்தியமோ, ஜாதகமோ, கணக்கோ... யார் கண்டது?